கே முதல் என் வரை: திருப்பூர் காஸ்டிங் சீட்டில் மறைபொருள் பற்றிய ஓர் ஆராய்ச்சி

மறைபொருள் என்றதும் சைவ சித்தாந்தத்துக்குக் கிளம்பிவிட்ட வாசகர்கள் திரும்பி வரவும். இந்த ஆய்வு எடுத்துக்கொண்ட மறைபொருள், காஸ்டிங் சீட் என்ற விலைக்கணக்கு எக்செல் கோப்பில் இருக்கிறது. நூல் விலை, நிட்டிங், டையிங், காம்பாக்டிங், கட்டிங், தையல், லேபிள், பாலிபேக், அட்டைப்பெட்டி என்று செலவெல்லாம் ஜே வரிசைக்குள் அடங்கிவிடும். அதற்கு அப்பால் கே முதல் என் வரை நான்கு நெடுவரிசைகள்: ஏஜென்ட் கமிஷன், ரிஜெக்‌ஷன், பேங்க் செலவு, லாபம். 2024-25இல் ஏறத்தாழ 40,000 கோடி ரூபாய்க்குப் பின்னலாடை ஏற்றுமதி செய்த ஊர் திருப்பூர். அந்த நான்கு வரிசைகளும் பையர் கண்ணில் படக்கூடாது என்பதுதான் ஊரின் பொதுக்கொள்கை. நெடுவரிசை என்பது ஆய்வுக்காகச் சொன்னது. ஆபீசில் எல்லோருக்கும் அது ‘காலம்’. “காலத்தை மறைச்சுட்டியா கண்ணு?” என்று முதலாளி கேட்கும்போது, விவரம் தெரியாதவர்கள் அவரை வேதாந்தி என்று நினைத்துக் கும்பிடக்கூடும்.

ஆய்வென்றால் முன்னோர் சொன்னதைப் பார்க்க வேண்டும். வள்ளுவர் ஒற்றனுக்கு 59ஆம் அதிகாரத்தைக் கொடுத்தார். மறையைச் சோரவிடுகிறவனைப் புல்லறிவாண்மையில் உட்கார வைத்தார். அங்கே ‘மறை’ என்பதற்கு உபதேசம் என்று ஒரு உரையும் ரகசியம் என்று ஒரு உரையும் உண்டு. காஸ்டிங் சீட் என்று பொருள் கொண்ட உரையாசிரியர் இதுவரை இல்லை. அந்தக் குறையை இக்கட்டுரை தீர்க்கிறது. கௌடில்யர் இன்னும் உஷார். மந்திராலோசனை நடக்கும் இடத்தைப் பறவைகூடப் பார்க்கக்கூடாது, கிளியும் மைனாவும் ரகசியத்தை வெளியிட்ட கதைகள் உண்டு என்று அர்த்தசாஸ்திரத்தில் எச்சரித்தார். கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்லும், பொருள் தெரியாது, கெட்ட எண்ணமும் கிடையாது என்று பார்த்தால், கௌடில்யரின் கிளிதான் இன்றைய வாட்ஸ்அப் ஃபார்வேர்டு.

1883இல் கெர்க்காஃப்ஸ் என்ற மொழியறிஞர் ராணுவ ரகசிய எழுத்தைப் பற்றிப் பிரெஞ்சில் எழுதினார். பூட்டின் அமைப்பு முழுவதும் எதிரி கையில் சிக்கினாலும் பரவாயில்லை, சாவி மட்டும் சிக்கக்கூடாது என்பது அவர் வைத்த விதியின் சாரம். திருப்பூர் இதைத் தலைகீழாகக் கடைப்பிடிக்கிறது. இங்கே எந்தப் பூட்டு என்று யாருக்கும் சொல்லமாட்டார்கள். சாவி ஊருக்கே தெரியும்.

நேரில் கண்ட ஒரு சான்று. காலை 11.42க்கு வாட்ஸ்அப்பில் ஒரு பிடிஎஃப் வருகிறது, பாஸ்வேர்டு போட்டது. அதே 11.42க்கு அதன் கீழேயே அடுத்த மெசேஜ்: பாஸ்வேர்டு. கம்பெனி பெயர், அட், ஒன்று இரண்டு மூன்று. திண்டுக்கல் பூட்டை வாங்கிக் கதவில் மாட்டி, அதன் கொண்டியிலேயே சாவியை முப்பதாம் நம்பர் நூலில் கட்டித் தொங்கவிட்டதுபோல. சாவியை வேறு வழியில், ஒரு போன் செய்து வாயால் சொல்லியிருந்தால் வேலை முடிந்திருக்கும். “அதுக்கு அவரு போனை எடுக்கோணுமுங்களே” என்றார் அனுப்பியவர். கெர்க்காஃப்ஸிடம் இதற்குப் பதில் இல்லை.

இனி மறைத்தலின் வகைகள். இதில் திருப்பூருக்கு ஏட்டுக்கு அப்பாற்பட்ட அறிவு உண்டு என்பதற்குக் காதர்பேட்டையே சாட்சி. ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் இந்தச் சந்தைக்கு ஏற்றுமதியில் மிஞ்சிய சரக்கும் செகண்ட்ஸும் வந்து குவியும். ஐரோப்பாவில் எந்தக் கடையின் அலமாரிக்குப் போகவேண்டிய டி-சர்ட் என்று யாரும் சொல்லமாட்டார்கள். கழுத்து லேபிள் இருக்காது. சிலதில் லேபிளின் மேல் கறுப்பு மார்க்கரால் கோடு இழுத்திருக்கும். அதை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தால் பெயர் படிக்கலாம். சிலதில் லேபிளை உள்ளே மடித்து ஒரு தையல் போட்டிருப்பார்கள். பிரித்தால் படிக்கலாம். மற்றதில் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்திருப்பார்கள். அதில் எதுவும் படிக்க முடியாது. ஆக, பூசுதல், மடித்தல், வெட்டுதல் என மூன்று மரபுகள். மூன்றில் எது நிற்கும் என்று காதர்பேட்டைக் கடைப் பையனுக்குத் தெரியும், உலகத்துக்குத்தான் தெரியவில்லை.

2019 ஜனவரியில் அமெரிக்காவில் அரசியல் ஆலோசகர் பால் மனஃபோர்ட்டின் வழக்கறிஞர்கள் நீதிமன்றத்தில் ஒரு பிடிஎஃப் தாக்கல் செய்தார்கள். ரகசிய வரிகள் மேல் கறுப்புப் பட்டை. நிருபர்கள் அந்தப் பட்டையை அப்படியே காப்பி செய்து வேறு பக்கத்தில் ஒட்டினார்கள். எழுத்து முழுசாக வந்து விழுந்தது. பூசுதல் மரபு அத்தோடு சரி. 2023 ஆகஸ்டில் வட அயர்லாந்துக் காவல்துறை, தகவல் கேட்ட ஒருவருக்கு எக்செல் கோப்பு ஒன்றைப் பதிலாகக் கொடுத்தது. அதற்குள் மறைத்து வைத்த இன்னொரு ஷீட், அதில் 9,483 பேரின் பெயர், பதவி விவரங்கள். போலீஸ் என்று தெரிந்தாலே உயிருக்கு ஆபத்து உள்ள ஊர் அது. பின்னால் 7,50,000 பவுண்டு அபராதம். மடித்தல் மரபு.

மடித்தல் மரபில் இக்கட்டுரையாளருக்குச் சொந்தப் பங்களிப்பும் உண்டு. மெர்ச்சண்டைசராக இருந்த காலத்தில், கே முதல் என் வரை நான்கையும் வலது கிளிக் செய்து ‘ஹைடு’ கொடுத்து, ஷீட்டுக்கு ‘புரொடெக்ட்’ வேறு போட்டு, பையரின் ஏஜென்ட்டுக்கு அனுப்பினேன். அந்த ‘புரொடெக்ட்’ தெரியாமல் யாரும் கைவைத்துவிடாமல் இருப்பதற்குத்தான், ரகசியம் காக்க அல்ல என்று அந்த மென்பொருள்காரர்களே சொல்லியிருக்கிறார்கள் என்பதைப் பிற்பாடு படித்தேன். ஜே-க்கு அடுத்து நேராக ஓ என்று இருந்தால், நடுவில் என்ன ஆயிற்று என்று யாருக்கும் கேட்கத் தோன்றும். ஏஜென்ட் கேட்கவே இல்லை. மறுநாள் மரியாதையான மெயில்: உங்கள் 11 சதவீதம் நியாயமானதே, ஆனால் இந்த சீசனுக்கு 6 போதாதா? முதலாளி அதை இரண்டு முறை படித்தார். என்னைத் திட்டவில்லை. “இனிமே நானே மறைக்கிறேன்” என்று மட்டும் சொன்னார். அதன் விளைவைக் கடைசியில் காண்க.

அடுத்தது லிங்க். திருப்பூரில் ஒரு டி-சர்ட் ஒரே கூரையின் கீழ் பிறப்பது அபூர்வம். நிட்டிங் ஒரு இடம், டையிங் ஒரு இடம், பிரிண்டிங் ராயபுரத்தில், எம்ப்ராய்டரி பி.என். ரோட்டில். பையர் ‘யாருக்கும் காட்டாதே’ என்று கையெழுத்து வாங்கிக் கொடுத்த டெக் பேக்கை (டிசைன் விவரக் கோப்பை) ஏழெட்டுப் பேருக்குக் காட்டினால்தான் டி-சர்ட்டே உருவாகும். ஆகவே ‘லிங்க் உள்ள எவரும் பார்க்கலாம்’ என்ற வசதி இங்கே வரம். பெயர் பெயராக மின்னஞ்சல் சேர்த்து, பார்க்க மட்டும் உரிமை கொடுத்து, டவுன்லோடு, பிரிண்ட், காப்பி மூன்றையும் நிறுத்தி, வேலை முடிந்ததும் பெயரை நீக்குவதுதான் முறை. செய்து பார்த்தேன். பிரிண்டிங் யூனிட் அண்ணனுக்கு மின்னஞ்சல் இருக்கிறது. ஆரம்பித்துக் கொடுத்தது அவர் மகள், பாஸ்வேர்டும் அவளுக்குத்தான் தெரியும், அவள் கோயம்புத்தூரில் காலேஜில் இருக்கிறாள், பரீட்சை நடக்கிறது. அண்ணன் தன் தம்பி மொபைலில் திறந்த படத்தை இன்னொரு மொபைலால் போட்டோ எடுத்து டிசைனருக்கு அனுப்பினார். ஒரு முறை மட்டும் பார்க்கும் படம் என்று வாட்ஸ்அப் 2021இல் கொண்டுவந்த வசதியையும் இந்த இரண்டாவது மொபைல்தான் தோற்கடிக்கிறது. உலகத்தில் எந்தப் பூட்டும் தம்பி மொபைலை எண்ணிச் செய்யப்பட்டதில்லை.

இங்கே ஒரு முரண்பாட்டைப் பதிவுசெய்யாமல் போனால் ஆய்வு நேர்மையாகாது. நான்கு காலத்துக்கு இத்தனை பாடு. அதே ஆபீசில், பி.எஃப். போடுவதற்காக வாங்கிய தொழிலாளர்களின் ஆதார் பிடிஎஃப்கள் ‘ஆதார் நியூ 2’ என்ற ஃபோல்டரில் பூட்டின்றிக் கிடக்கின்றன. ஜெராக்ஸ் கடைக்கும் போகின்றன, கான்ட்ராக்டர் குரூப்புக்கும் போகின்றன. பாஸ்வேர்டு இல்லையா என்றால், உண்டு. இ-ஆதாரின் பாஸ்வேர்டு பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்தும் பிறந்த வருடமும் என்று ஆதார் ஆணையமே ஊரறியச் சொல்லியிருக்கிறது. ஃபோல்டரில் கோப்பின் பெயராக ஆள் பெயரும், பக்கத்து ரெஜிஸ்டரில் பிறந்த தேதியும் இருக்கும். முதல் எட்டு எண்ணை மறைத்துக் கடைசி நான்கை மட்டும் காட்டும் ஆதாரும் உண்டு. அதை எந்த பனியன் கம்பெனியிலும் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. 2022 மே மாதம் ஆணையத்தின் பெங்களூர் அலுவலகம் ஆதார் நகலைக் கண்டவருக்கும் கொடுக்காதீர்கள் என்று அறிவித்தது. தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது என்று இரண்டே நாளில் அந்த அறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது. மடித்தல் மரபு.

முதலாளியின் சோதனைக்கு வருவோம். முதலில் காஸ்டிங் சீட்டைப் பிரிண்ட் எடுத்து, நான்கு காலத்தின் மேலும் ஸ்கெட்ச் பேனாவால் பட்டை இழுத்து ஸ்கேன் செய்தார். திரையில் வெளிச்சத்தைக் கூட்டியதும் 11 என்பது பல்லைக் காட்டியது. சிறிது நேரம் யோசித்தார். பிறகு இன்னொரு பிரிண்ட் எடுத்துக்கொண்டு நேராகக் கட்டிங் டேபிளுக்குப் போய், “மாஸ்டர், இதுல கே-ல இருந்து என் வரைக்கும் வெட்டுங்க” என்றார். மாஸ்டர் ஸ்கேல் வைத்து, சாக்பீஸால் கோடு போட்டு, ஒரு நூல் பிசகாமல் வெட்டிக் கொடுத்தார். நடுவில் ஜன்னல் வைத்த அந்தத் தாளை ஸ்கேன் செய்து அனுப்பினோம். ஏஜென்ட்டிடமிருந்து இரண்டு நாள் பதிலே இல்லை. கெர்க்காஃப்ஸ் இருந்திருந்தால் மாஸ்டர் கையைக் குலுக்கியிருப்பார்.

வெட்டிய கீற்றைப் பற்றி யாரும் நினைக்கவில்லை. கட்டிங் டேபிளில் எந்தத் தாளும் வீணாகாது. மாஸ்டர் அதன் பின்பக்கத்தில் பண்டில் நம்பர் எழுதி, வெட்டிய துணிக்கட்டோடு சேர்த்துக் கட்டி, டெய்லர்கள் தைக்கும் பவர் டேபிளுக்கு அனுப்பிவிட்டார்.

சனிக்கிழமை சாயங்காலம், சம்பளக் கவர் வாங்க வந்த ஓவர்லாக் டெய்லர் அக்கா கவரை எண்ணி இடுப்பில் செருகிக்கொண்டு, போகாமல் நின்றார்.

“ஏனுங்க மொதலாளி, பதினொண்ணு நிக்குதாமே. டஜனுக்கு ரெண்டு ரூவா சேத்திப் போடுங்களேன்.”