பட்டா இல்லாத தோட்டம்

மரக்காணத்தில் வீடு கட்டியவனுக்குத் தோட்ட ஆசை வரக்கூடாது. எனக்கு வந்தது. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் உப்பளம். எங்கள் போர் தண்ணீரில் வாய் கொப்பளிக்கத் தனியாக உப்பு போட வேண்டியதில்லை. அந்தத் தண்ணீரை நம்பி ஆறு ரோஜாச் செடி வாங்கி வைத்தேன். முதலில் இலை ஓரம் கருகியது. நாலாம் வாரம் ஆறும் குச்சி.

ஆனால் பாத்தி காலியாக இல்லை. குப்பைமேனி, கீழாநெல்லி, நித்தியகல்யாணி, ஒரு பப்பாளி என்று யார் யாரோ வந்து குடியேறியிருந்தார்கள். களைக்கொத்தை எடுத்தேன்.

“தானா வந்ததைப் பிடுங்காதடா” என்றார் அம்மா. “சாமி மட்டும் சுயம்புவா வரலாம், செடி வரக்கூடாதா?”

“இது தோட்டமா, புறம்போக்கா?” என்றாள் மனைவி. இரண்டு பேருமே என் முகத்தைப் பார்த்தார்கள். களைக்கொத்தைக் கீழே வைத்தேன்.

நித்தியகல்யாணிக்குச் சிக்கலே இல்லை. புற்றுநோய்க்கு ஊசியாகப் போடும் வின்கிரிஸ்டின் அந்தச் செடியிலிருந்து வருவது என்று நான் சொன்னதும் பட்டா கிடைத்துவிட்டது. பப்பாளிதான் ஏமாற்றியது. அடுப்படிக் கழிவில் இருந்த விதை. ஏழு மாதம் சாணமும் தண்ணீருமாக வளர்த்தோம். நீளக் காம்பில் சரம் சரமாகப் பூத்தது. தெருவே வந்து பார்த்தது. பால் ஊற்ற வந்தவர்தான் மெதுவாகச் சொன்னார்: “ஆண் மரம் சார்.” நாட்டுப் பப்பாளியில் ஆணா பெண்ணா என்பது பூத்தால்தான் தெரியும். “இருந்துட்டுப் போகட்டும், வீட்டுல இன்னொரு ஆம்பளையும் இப்படித்தானே இருக்கார்” என்று மனைவி தீர்ப்பளித்தாள்.

வேம்பு வேறு வகை வழக்கு. ஏதோ ஒரு காக்கை பழத்தைத் தின்றுவிட்டு, செப்டிக் டேங்குக்கும் மதிலுக்கும் நடுவே உள்ள வெடிப்பில் கொட்டையைப் போட்டுப் போயிருக்கிறது. விட்டால் தொட்டி பிளக்கும். பிடுங்கினால் மாரியாத்தா கோபம் எனக்கு, அம்மா கோபமும் எனக்கு. பக்குவமாகப் பெயர்த்து வேறு இடத்தில் நட்டேன். விரல் உயரச் செடிக்குக் கீழே முழ நீள ஆணிவேர், பாதியில் அறுந்துபோனது. மூன்றாம் நாள் வாடிவிட்டது. அடுத்த மழைக்கு அதே வெடிப்பில் இன்னொன்று நிற்கிறது.

சீமைக் கருவேலம் முளைத்தபோதாவது வீட்டில் ஒற்றுமை வரும் என்று நினைத்தேன். ஆடு காயைத் தின்று புழுக்கையோடு விதைத்த வம்சம் அது. 2017-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அந்த மரத்தை அகற்றக் கெடு வைத்தது. அதே ஆண்டில் சென்னையில் இடைக்காலத் தடையும் வந்தது. நீதிபதிகளே இழுபறியில் இருந்த வழக்கில் நான் மட்டும் துணிந்தேன். ஒரே பிடுங்கு. கையில் முள் ஏறி, இரண்டு நாள் சாப்பாட்டை ஸ்பூனில் சாப்பிட்டேன்.

கடைசியாக வந்தது உமரி. துணி துவைத்த தண்ணீர் போகும் மூலையில், உப்புப் பூத்து வெள்ளையாகக் கிடந்த மண்ணில், யாரும் ஒரு சொட்டு ஊற்றாமல் படர்ந்தது. அருகம்புல்கூட அஞ்சும் இடம். சின்னச் சின்ன உருண்டை இலை. நசுக்கினால் நீர் பீய்ச்சும், நாக்கில் வைத்தால் கரிக்கும். வெயில் ஏறினால் செம்பு நிறமாகிவிடும். உப்பை இலைக்குள் சேர்த்துக்கொண்டு அதை வைத்தே மண்ணிலிருந்து தண்ணீரை இழுத்துக்கொள்கிற செடி. அது தெரியாமல் களை என்று குவித்துக்கொண்டிருந்தேன். உப்பளத்துக்கு வேலைக்குப் போகும் அக்கா ஒருவர் வேலிக்கு வெளியே நின்று, “தம்பி, தூக்கிப் போடுறதுக்கு எங்கிட்ட குடுங்க” என்று மடியை விரித்தார். மறுநாள் ஒரு கிண்ணம் கடைசல் வந்தது. பருப்பும் உமரியும்.

அம்மா சாப்பிட்டார், மனைவி சாப்பிட்டாள், இரண்டாம் முறையும் கேட்டார்கள். இப்போது அந்த மூலைக்கு நான்தான் காவல். நீங்களும் உமரி கிடைத்தால் கடைந்து பாருங்கள். உப்பு மட்டும் போட்டுவிடாதீர்கள்.