எதிரணிக்குக் கைதட்டினால் கை வலிக்குமா? கல்லூரி ரசிகர் குறித்த ஒரு சிற்றாய்வு

திருவண்ணாமலை மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இருப்பதால் வேங்கிக்காலுக்கு மனுவோடு வருபவர்கள் ஏராளம். கபடிக் களத்தின் ஓரத்தில் நின்று கல்லூரி மாணவர்கள் நடுவரிடம் வாய்மொழியாகத் தரும் மனுக்களை மட்டும் எந்தத் துறையும் பதிவு செய்யவில்லை. இவ்வாய்வு அந்தக் குறையைப் போக்க முனைகிறது.

முதலில் ரசிகரின் பார்வைத்திறன். எதிர்ப்பக்கம் ஆறு பேரோ ஏழு பேரோ நிற்கும்போது, ரைடர் போனஸ் கோட்டுக்கு அப்பால் ஒரு காலை ஊன்றி, அந்தக் கணத்தில் பின்னங்காலை அந்தரத்தில் வைத்திருந்தால் ஒரு புள்ளி. கண்ணிமைக்கும் நேரச் சமாசாரம் இது. கோட்டருகே குனிந்து பார்க்கும் நடுவருக்கே சந்தேகம் வரும். எட்டாவது வரிசையில், முன்னால் நிற்பவனின் தோளிடுக்கில் பார்ப்பவனுக்கு வராது. தன் கல்லூரிக்காரன் போனால் கால் மேலே. அடுத்த கல்லூரிக்காரன் போனால், "சார், கால் தூக்கவே இல்ல சார்!"

அடுத்தது கை. சொந்த அணி ஒரு பிடி பிடித்தால் இரு கைகளும் தலைக்கு மேல் போய்விடும். எதிரணி அதைவிட நல்ல பிடி பிடித்தால் அதே கைகளுக்குத் திடீரென்று வேலை வந்துவிடும்: ஒன்று செல்போனைத் தேடும், மற்றது தலைமுடியைக் கோதும். எதிரணிக்குத் தட்டினால் கை வலிக்கும் என்பதே இதற்குக் காரணம் என ஒரு கருதுகோளை வைக்கலாம்.

சேப்பாக்கம் இதை மறுக்கிறது. 1999 ஜனவரி 31. பாகிஸ்தானுக்கு எதிரான டெஸ்டில் இந்தியாவின் இலக்கு 271. முதுகுவலியோடு ஆடிய டெண்டுல்கர் 136 ரன்னில் அவுட்டானபோது தேவை 17 ரன். கடைசி நான்கு விக்கெட்டுகள் நான்கே ரன்னில் சரிந்தன. 12 ரன்னில் தோல்வி. சற்று நேரம் பேச்சுமூச்சற்றிருந்த கூட்டம் பிறகு எழுந்து நின்று கைதட்ட, வாசிம் அக்ரமின் அணி மைதானத்தைச் சுற்றி வந்தது. யாருக்கும் கை சுளுக்கியதாகத் தகவல் இல்லை.

'அதெல்லாம் பெரியவர்கள் கூட்டம், கல்லூரிப் பசங்க கேட்பார்களா?' என்பார் மறுப்பாளர். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக மாணவர்கள் கூடைப்பந்து அரங்கில் ஒரு காலத்தில் ஆபாசக் கூச்சலுக்குப் பேர்போனவர்களாக இருந்தார்கள். 1984 ஜனவரியில் பல்கலைக்கழகத் தலைவர் டெர்ரி சான்ஃபோர்டு, 'டெர்ரி மாமா' என்று கையெழுத்திட்டு, கொஞ்சம் நாகரிகமாகக் கிண்டல் செய்யுங்கள் என அவர்களுக்குக் கடிதம் எழுதினார். அடுத்து பரம வைரியான வட கரோலினா வந்தபோது, மாணவர்கள் தலையில் தேவதைகளின் ஒளிவட்டத்தை மாட்டிக்கொண்டு வந்தார்கள். நடுவரின் தீர்ப்பு பிடிக்காதபோதெல்லாம் அரங்கமே ஒரே குரலில், "தாழ்மையுடன் மாறுபடுகிறோம்!" என்று முழங்கியது. சத்தம் குறையவில்லை. வசவு மட்டும் குறைந்தது.

இனி வேங்கிக்கால் நிலவரம். ஜெயித்த கல்லூரியும் தோற்ற கல்லூரியும் ஆட்டம் முடிந்ததும் வேலூர் ரோட்டில் போளூர் பஸ்ஸுக்குத்தான் நிற்கின்றன. அங்கே கேட்கும் பேச்சு வேறு ரகம். "மச்சி, கடைசில அந்த ஆங்கிள் ஹோல்டு போட்டது யாருடா? செம பிடிடா!" ஆக, பாராட்டுக்குப் பஞ்சமில்லை. அரைமணி நேரம் தாமதமாக, உரியவன் இல்லாத இடத்தில் அது பட்டுவாடா ஆகிறது. அதைக் களத்துக்கே முன்கூட்டிக் கொண்டுவருவதுதான் இவ்வாய்வின் முதல் பரிந்துரை.

இரண்டாவது, பின்னங்கால் பிரச்சினைக்கானது. கபடியில் இடைவேளைக்குப் பின் அணிகள் பக்கம் மாறுகின்றன. ரசிகர்களும் மாறி நின்று, அங்கிருந்து அந்தக் கால் எப்படித் தெரிகிறதென்று ஒருமுறை பார்க்கலாம். விதிமுறையில் தடையேதும் இல்லை. திருவண்ணாமலை வெயிலில் நிழலுள்ள பக்கத்தை எந்தக் கல்லூரி முதலில் விட்டுக்கொடுக்கும் என்பதுதான் சிக்கல். அதற்குத் தனி ஆய்வு தேவை.