பரணில் நான்கு பெட்டிகள்

கோவில்பட்டியில் எங்கள் வீட்டுப் பரணில் நான்கு அட்டைப்பெட்டிகள் இருக்கின்றன. நம் நாட்டுத் தொலைத்தொடர்பின் இருபது வருடக் கதையை எழுத நினைப்பவர்கள் அவற்றை இறக்கிப் பார்த்தால் போதும். "நீங்க ஒரு தொழில்ல கைவச்சா, அதுக்கு மூடுவிழா நெருங்கிட்டுன்னு அர்த்தம்" என்பாள் என் மனைவி. மறுக்க என்னிடம் ஆதாரம் இல்லை.

முதல் பெட்டியில் எஸ்.டி.டி. பூத் மீட்டர். 2003 தொடக்கத்தில் கடை திறந்தேன். கண்ணாடிக் கூண்டு, உள்ளே குட்டி மின்விசிறி, பேசி முடித்ததும் சீட்டு அடிக்கும் மீட்டர். "வர்ற காலுக்கும் காசு பிடிக்கிற செல்போனை எவன் மாமா வாங்குவான்? பூத்துக்கு அழிவே கிடையாது" என்று மாமனாருக்கு விளக்கி, அவரிடமே கடனும் வாங்கினேன். அந்த வருடம் மே மாதம் செல்போனுக்கு வரும் அழைப்புகள் இலவசமாகிவிட்டன. அதற்குப் பிறகு அந்தக் கூண்டுக்குள் அதிக நேரம் நின்றவன் நான்தான், காற்றுக்காக.

இரண்டாவது பெட்டியில் சி.டி.எம்.ஏ. போன்கள். 2010 கடைசியில் ஒரு மொத்த வியாபாரி பாதி விலைக்குத் தருவதாகச் சொன்னார். ஏன் பாதி விலை என்று கேட்டிருக்க வேண்டும். நான் கேட்டது, "இன்னும் எத்தனை இருக்கு?" 2011 ஜனவரியில், நம்பர் மாறாமலே கம்பெனியை மாற்றிக்கொள்ளும் வசதி நாடு முழுக்க வந்தது. கடைக்கு வந்தவர்கள் எல்லோரும் போனைத் திருப்பிப் பார்த்துக் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "சிம் எங்க போடணும்?" நான் வாங்கிவைத்த போன்களில் சிம் போடும் இடமே கிடையாது.

மூன்றாவது பெட்டியில் ஒரே ஒரு கடிதம். மொட்டை மாடியில் டவர் வைக்க இடம் கொடுத்தால் மாதா மாதம் வாடகை என்று போனில் ஒரு செய்தி வந்தது. பின்னாலேயே தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் பெயரில், முத்திரையோடு ஓர் அனுமதிக் கடிதம். பதிவுக் கட்டணம் கட்டினேன். டவருக்கு அனுமதிக் கடிதம் கொடுப்பது தன் வேலையே இல்லை, யாரும் ஏமாற வேண்டாம் என்று டிராயே அறிவிப்பு வெளியிட்டிருக்கிறது. அதை நான் படித்தது பணம் கட்டிய மறுவாரம். கடிதத்தைக் கிழிக்க மனம் வரவில்லை. முத்திரை அவ்வளவு அழகு.

நாலாவது பெட்டிதான் பெரிய அவமானம். ஏனென்றால், அந்தத் தொழிலுக்குப் படித்துவிட்டு இறங்கினேன். 2021-இல் வீட்டுக்கு வீடு ஃபைபர் நெட் கேட்டார்கள். மூன்று மாதம் வீடியோ பார்த்தேன். ஒரே கண்ணாடி இழையில் 1490 நானோமீட்டர் ஒளி வீட்டை நோக்கி வரும், 1310 நானோமீட்டர் ஒளி திரும்பிப் போகும் என்று டீக்கடையில் வகுப்பே எடுத்தேன். பிறகு இரண்டு தெருவுக்கு ஏஜென்சி எடுத்தேன்.

ஸ்ப்ளிட்டர் என்று ஒரு சின்னப் பெட்டி உண்டு. கரண்ட் வேண்டாம், ஓர் இழையில் வரும் ஒளியை எட்டாகப் பிரித்துக் கொடுக்கும். கேபிளில் மிச்சம் பிடிக்க நினைத்தேன். எட்டில் ஒவ்வொன்றையும் இன்னோர் எட்டாக, அதில் ஒவ்வொன்றையும் நாலாகப் பிரித்தால் 256 வீடு. வீட்டுக்கு 500 ரூபாய் என்றால் மாதம் 1,28,000. அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை.

முதல் வரிசையில் பத்து வீட்டுக்கு இணைப்பு கொடுத்தேன். பத்திலும் சிவப்பு விளக்கு. கடைசியில் வெட்கத்தை விட்டு, பக்கத்துத் தெரு கேபிள் டிவி அண்ணாச்சியைக் கூப்பிட்டேன். பவர் மீட்டரைச் செருகிப் பார்த்தவர், அட்டையைக் கிழித்துக் கணக்குப் போட்டார். எட்டாகப் பிரித்தால் ஒளியில் பத்தரை டெசிபல் போகும். மறுபடி எட்டுக்கு இன்னொரு பத்தரை. நாலுக்கு ஏழு. ஆக 28. எங்கள் கருவி தாங்கும் மொத்த இழப்பே 28 டெசிபல்தான். கேபிளின் தூரத்துக்கும் ஜாயிண்டுக்கும் மிச்சம் ஒன்றுமில்லை. வருமானத்தை நான் பெருக்கிக்கொண்டே போனேன். இழப்பு தன் பாட்டுக்குக் கூடிக்கொண்டே வந்தது.

"தம்பி, மாடு ஒண்ணுதான். கன்னுக்குட்டிய எத்தனை வேணாலும் கட்டலாம். பால் எங்க இருந்து வரும்?" என்றார்.

நடு ஸ்ப்ளிட்டரைக் கழற்றினார். விளக்குகள் பச்சையாயின. ஆனாலும் ஆறே மாதத்தில் பாதி வீடுகள் என்னை விட்டுப் போயின. காரணத்தையும் அண்ணாச்சிதான் சொன்னார்: "நெட்டு வர்ற வரைக்கும் நம்மள ஒருத்தனும் தேட மாட்டான். போச்சுன்னா ராத்திரி பத்து மணிக்கும் கூப்பிடுவான். அந்த போனை எடுக்கதுதாம்பா தொழிலு." ஒன்பது மணிக்கே போனை சைலண்டில் போட்டுத் தூங்குகிறவன் நான். அலைநீளத்தை மனப்பாடம் செய்த நேரத்தில் ஏணி ஏறப் பழகியிருக்கலாம்.

இரண்டு தெருவையும் அண்ணாச்சியிடமே கொடுத்துவிட்டேன். ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதி அவர் பையன் வந்து என்னிடமும் பணம் வாங்கிக்கொண்டு போகிறான்.

2022 அக்டோபரில் நம் நாட்டுக்கு 5ஜி வந்தது. அதில் நான் இதுவரை கைவைக்கவில்லை. நீங்கள் தைரியமாக ரீசார்ஜ் செய்யலாம்.