பூட்டிய ஆய்வகம்

டிஜிட்டல் தடயவியலில் சாட்சியத்தின் மீது கைபடக்கூடாது என்பதுதானே முதல் பாடம்? ஒரு கல்லூரி அதை உணர்ந்து ஆய்வகத்தையே பூட்டி வைத்திருக்கிறது. வளாகத்தில் செல்போனுக்குத் தடை. ஆகவே செல்போன் தடயவியல் கரும்பலகையில் நடக்கிறது. கோப்பின் டிஜிட்டல் கைரேகையான எஸ்ஹெச்ஏ-256 ஹாஷின் 64 எழுத்துகளையும் ரெக்கார்டு நோட்டில் நீல மையில் எழுதி, அடியில் பென்சில் கோடு போட வேண்டும். பாரதிய சாக்ஷிய அதிநியம், 2023-இன் 63-ஆவது பிரிவுச் சான்றிதழ் ஹாஷைக் கேட்கிறது, பென்சில் கோட்டைக் கேட்கவில்லை. சட்டம் எழுதியவர்கள் ரெக்கார்டு நோட்டு பார்த்ததில்லை போலும்.

ஒரு மாணவி மட்டும் அவசரக்குடுக்கை. போன வருட வினாத்தாள் கோப்பையும் இந்த வருடத்ததையும் வீட்டுக் கணினியில் சோதித்தாள். இரண்டுக்கும் ஒரே ஹாஷ். ஒரு பிட்கூடச் சிதையாமல் பாதுகாத்திருக்கிறது துறை! மாணவிக்கும் உரிய மரியாதை கிடைத்தது: விளக்கக் கடிதம், கைப்பட, மூன்று பிரதிகள், பெற்றோர் கையெழுத்துடன்.