கறுப்புக்கு வந்த சுற்றறிக்கை

மேலாண்மை நூல்கள் தலைமையை வகைவகையாகப் பிரித்து வைத்திருக்கின்றன. சேலம் பெரியார் பல்கலைக்கழகம் 2023 ஜூனில் இன்னொன்றைச் சேர்த்தது: சுற்றறிக்கைத் தலைமை.

ஜூன் 28 பட்டமளிப்பு விழாவுக்கு ஆளுநர் வருகிறார். கறுப்பு உடை கூடாது, கைபேசி கூடாது என்று துறைகளுக்குப் பதிவாளர் பெயரில் உத்தரவு பறந்தது. காவல்துறை சொன்னதாம். நாங்கள் எங்கே சொன்னோம் என்று கேட்டது காவல்துறை. 1997 முதல் பெயர்ப்பலகையில் இருப்பவரோ கடைசிவரை கறுப்புச் சட்டை போட்டவர்!

எதிர்ப்பு கிளம்பியதும் சுற்றறிக்கை வாபஸ். இடைப்பட்ட நேரத்தில் துறைத் தலைவர்கள் ஆய்வேடுகளைப் புரட்டினார்களா, அலமாரித் துணிகளைப் புரட்டினார்களா?

பாவம், பல்கலைக்கழகங்களைத் தரமிடும் நாக் குழுவின் மதிப்பெண் பட்டியலில் சட்டை நிறத்துக்கு இடமில்லை.