எட்டு வருட ஸ்பிரின்ட்

‘நமக்கு ஒன்றும் தெரியாது, என்றைக்காவது ஒருநாள் மாட்டிக்கொள்வோம்’ என்று நடுங்கும் மென்பொருள் பொறியாளர்களுக்கு ஒரு நற்செய்தி. பாலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் என்ற உளவியலாளர்கள் 1978இல் இந்த நடுக்கத்துக்குப் பெயர் வைத்தார்கள். மருந்து செஞ்சிக் கோட்டையில் இருக்கிறது.

ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர் கானையே எடுத்துக்கொள்ளுங்கள். செஞ்சிக்குள் இருந்த மராட்டிய மன்னர் ராஜாராமைப் பிடிக்க வேண்டும், வேலை அவ்வளவுதான். 1690இல் முற்றுகை தொடங்கியது. கோட்டையின் ராஜகிரி மலை அசையவில்லை. கானும் விடவில்லை. அன்றைக்குக் காலை ஸ்டாண்டப் இருந்திருந்தால், “நேற்று முற்றுகையிட்டேன். இன்றும் முற்றுகையிடுவேன். தடங்கல்: கோட்டை” என்று எட்டு வருடம் சொல்லியிருப்பார். ‘எனக்குக் கோட்டை பிடிக்க வருமா?’ என்று அவர் தூக்கம் கெட்டதாகத் தகவல் இல்லை. இரண்டு வார ஸ்பிரின்டில் ஒரு பக் தீரவில்லை என்று கண்கலங்கும் தம்பி, தங்கைகள் கவனிக்க.

1698இல் கோட்டை விழுந்தது. ராஜாராம் அதற்கு முன்பே தப்பிவிட்டார். கேட்டது ஆளை, டெலிவரி செய்தது கட்டடத்தை. இருந்தாலும் பிராஜெக்ட் வெற்றி. நுஸ்ரத் ஜங் என்ற கானுடைய பட்டத்தைச் சேர்த்து, கோட்டைக்கே நுஸ்ரத்கட் என்று பெயர் வைத்தார்கள். தன்னம்பிக்கைக்கு இதைவிட நல்ல பாடத்திட்டம் எங்கே கிடைக்கும்?

2025இல் யுனெஸ்கோ செஞ்சியை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. தலைப்பு: மராட்டியர்களின் ராணுவ நிலப்பரப்புகள்.

ஆகவே திறமை இருக்கிறதா என்று கவலை வேண்டாம், தம்பி. பேர் எப்படியும் அடுத்த டீமுக்குத்தான்.