குருவிக்குப் பால் ஊத்துற மருமவனுக்கு

ஏ மருமவனே, கையில என்னல அது, செருப்பு டப்பாவா? உள்ள பஞ்சு, பஞ்சு மேல கொண்டைக்குருவிக் குஞ்சு, பக்கத்துல இங்க் பில்லர் நெறயப் பாலு. நல்லாருக்குல ஒன் தர்மாஸ்பத்திரி! ஒரு சந்தேகம் கேக்கேன், கோவிச்சுக்காத. எந்தக் குருவிக்கு மடி இருந்து நீ பாத்த? புறாவுக்குத் தொண்டையில ஊறுற பாலு வேற சங்கதி, அதை விடு. பில்லரால பீச்சுனா மூச்சுக்குழல்ல எறங்கிச் செத்துப்போவும். அப்புறம் நீதான் கொள்ளி வைக்கணும்.

அநாதைன்னு நெனச்சிட்டியாக்கும். கரண்டுக் கம்பியில ஒருத்தி ஒக்காந்து கத்துதாளே, அவ யாரு? அலகுல பச்சைப்புழு வேற வச்சிருக்கா. பிள்ளையப் பறிகொடுத்தவ ஒன்ன ஏசுதா. நீ என்னடான்னா சங்கீதம்னு செல்போன்ல புடிக்கே.

இந்தச் சாதிக் குஞ்சு பொரிஞ்ச 12, 13 நாள்ல கூட்ட விட்டுக் குதிச்சிரும். பறக்கத் தெரிஞ்சா குதிக்கி? அதெல்லாம் இல்ல. எல்லாம் ஒரே கூட்டுல கெடந்தா பாம்போ காக்காவோ ஒரே நடையில முடிச்சிட்டுப் போயிரும். ஆளுக்கொரு செடியில ஒளிஞ்சா ஒண்ணாவது தப்பும். அதான் வாலு மொட்டையா, கொண்டை அரைகுறையா இருக்கும்போதே எறங்கிருது. அதுக்கு மேலயும் பல நாளு ஆத்தாளும் அப்பனும் தேடித்தேடி ஊட்டுவாவ. சிரிக்காத. நீ பள்ளிக்கூடம் போன பொறவும் எந்தங்கச்சி ஊட்டித்தான் தின்ன.

மனுசக் கை பட்டா தாய் சேக்காதாம், எவன்ல சொன்னான்? கூட்டுக்குள்ள குஞ்சு பேண்டதை அலகால கவ்விக் கொண்டுபோய்த் தூரப் போட்டவ அவ. அதுக்கே அசராதவளா ஒன் கைவாடைக்குப் பிள்ளையக் கைவிடப் போறா? குருவிக்கு மோப்பமும் அப்படி ஒண்ணும் பெருசு இல்ல. சும்மா கெடந்த குஞ்சைத் தூக்கிட்டு வந்துட்டு, தாய் மேல பழியப் போடாத.

ஒரு கூண்டு வாங்குனா என்னன்னு ஒரு யோசனை ஒம் மூஞ்சியில ஓடுது. காட்டுக்குருவியக் கூண்டுல அடைக்கப்படாதுன்னு வனவிலங்குச் சட்டத்துலயே இருக்கு. பாரஸ்டுக்காரன் வந்தா நான் சாமீன் குடுக்க மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்.

ரோமம் மொளைக்காத செவப்புக் குஞ்சுன்னா கூட்டுல எடுத்து வைக்கணும். இவனுக்குத்தான் எறகு வந்தாச்சே. எடுத்த எடத்துக்குப் பக்கத்துல அந்தச் செம்பருத்திக்குள்ள விட்டுட்டு, வீட்டுக்குள்ள போயிக் கதவச் சாத்து. நீ பக்கத்துல நின்னா அவ எறங்க மாட்டா. பூனைய உள்ள போட்டு அடை. நம்ம பூனை இல்லையா? தெனமும் மீன்தலை போட்டு வளக்கது யாரு, அசலூர்க்காரனா?

பொறவு, எந்தங்கச்சிக்கிட்ட சொல்லி வையி, இந்த வாரம் செம்பருத்திப் பக்கம் பூப் பறிக்கப் போவாண்டாம்னு. பிள்ளையாரு அருகம்புல்ல வாங்கிக்கிடுவாரு. அவரு ஒன்ன மாதிரி அவசரக்காரரு இல்ல.